முழுநேரம்

அரசுக் குழந்தைக் காப்பக வண்டி வாசலில் வந்து நின்றது. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அதில் இடம். மனைவி இறந்ததிலிருந்து எழிலரசன் வேலைக்குப் போகவில்லை. இரண்டு வயது மகளுக்குச் சோறூட்டக்கூட அவனுக்குக் கை ஓடவில்லை.

"என்ன வேலை பாக்குறீங்க தம்பி?" என்று கேட்டாள் ஆயா பிலோமினா.

"சும்மாதான்க்கா இருக்கேன்." மகளை ஏற்றமாட்டார்களோ என்று பயந்தான்.

"வீட்டுல அவங்க?"

"தவறிட்டா."

"அப்புறம் என்ன சும்மா? துக்கத்தையும் வேலைன்னு அரசாங்கம் சேத்துடுச்சே. முழுநேரமா, பகுதிநேரமா?"

அவன் யோசித்தான். "முழுநேரம்."

பிலோமினா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சாயங்காலம் கொண்டாந்து விடுறேன். நீங்க போய் வேலையப் பாருங்க."

மனைவியை அடக்கம் செய்தபோதுகூட அழாதவன், கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதான்.