ஈப்புழு மருந்து

"பாட்டில் எல்லாம் காலிதானே, மாமா?"

பன்றிக் கொட்டகை வாசலில் நின்றபடி மாப்பிள்ளை கேட்டான்.

"காலிதான்," என்றார் மாமனார். அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

உள்ளே, பால் மறக்கடித்த குட்டிகள் முதுகெலும்பு தெரியச் சுருண்டு கிடந்தன. தரையெங்கும் மஞ்சளாகக் கழிச்சல். போன வாரம் எப்படியோ அப்படியே, இம்மி குறையவில்லை.

அவன் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், அழுகிய குப்பையைத் தின்றே கொழுக்கும் ஈப்புழுக்களின் குடலிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்க்கிறார்கள். அவற்றைத் தீவனத்தில் கலந்து கொடுத்ததில் அங்கிருந்த பன்றிக்குட்டிகளுக்கு வயிறு தேறி, உடம்பும் பிடித்தது. மாமனாரின் குட்டிகளுக்கு எந்த ஊசியும் கேட்கவில்லை என்றதும், அவனே வலியப் போய் வாக்குக் கொடுத்து, அந்த நுண்ணுயிர் மருந்துப் பாட்டில்களைக் கொண்டுவந்து இறக்கினான்.

"அப்பாவுக்கு இருக்கறது இந்தக் கொட்டகை ஒண்ணுதான். உங்க பரிசோதனைக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று மனைவி அன்றே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இப்போது அவளுக்கு என்ன பதில் சொல்வது?

மூலையில் ஒரு குட்டி எழ முயன்று, பின்னங்கால் மடங்கி விழுந்தது. பதறிப்போய்த் தூக்கினான். கையில் கனமே தெரியவில்லை.

மருந்தை ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தாரா என்று கேட்டான். அங்கேதான் என்றார். நடுவில் ஒரு நாளாவது விட்டுப்போயிற்றா என்று கேட்டான். விடவில்லை, தினமும் காலையில் முதல் வேலையே அதுதான் என்றார். அப்படியானால் தப்பு மருந்தில்தான்.

"மன்னிச்சிடுங்க, மாமா. என் மருந்து எடுபடல. இனிமே இந்தப் பக்கம் பாட்டிலோட வரமாட்டேன்."

மாமனார் குழாயை மூடினார். துண்டில் கையைத் துடைத்தபடி அவன் அருகே வந்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க, மாப்பிள்ளை. இன்னிக்கே இன்னொரு பெட்டி கொண்டாங்க."

"எதுக்கு மாமா? இவ்வளவு குடுத்தும் கேக்கலையே."

"முன்ன ஒருத்தர் இப்படித்தான் புது மருந்துன்னு குடுத்தாரு. நம்பி ஊத்தினேன். ஒரு கொட்டகைக் குட்டி மொத்தத்தையும் என் கையாலயே குழி வெட்டிப் புதைச்சேன்." அவர் குரல் இறங்கியது. "அதான் இந்தத் தடவை குட்டிங்களுக்கு இன்னும் ஒரு சொட்டுகூடக் குடுக்கல. அத்தனையும் நானே குடிச்சுப் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல. இனிமே அதுங்களுக்குக் குடுக்கலாம்."