ஓப்பல் டாக்கெட்டின் மரண அறிவிப்பு

"என் பேரு மட்டும் அதுல வரவே கூடாது, ஓட்டிஸ். ஆபீஸ்ல இருக்கற பொண்ணுகிட்ட நீதான் பேசணும்."

இறுதிச்சடங்கு இல்லத்தின் வாசலில் காரை நிறுத்திவிட்டு வெர்லின் இதை நான்காவது முறையாகச் சொன்னான். உள்ளே அவனுடைய அம்மா ஓப்பல், சவப்பெட்டியில் படுத்திருந்தாள். தொண்ணூற்று மூன்று வயது. முந்தைய நாள் காலையில்தான் இறந்திருந்தாள்.

அதுதான் சிக்கலே. வெர்லினின் பாட்டுப்படி அவள் இறந்து நாற்பத்தாறு வருஷம் ஆகிறது.

'மேட்டு மேலே அம்மா' 1979-இல் வந்தது. அதற்குப் பிறகு வெர்லின் டாக்கெட் பதினெட்டு ஆல்பம் போட்டான். எல்லாம் அந்த ஒரு பாட்டுக்குத் துணைக்கு வந்தவைதான். குதிரையைக் கண்டால் அவனுக்குத் தும்மல் வரும். ஆனால் கௌபாய் தொப்பி இல்லாமல் குளியலறைக்குக்கூடப் போகமாட்டான்.

மேடையில் மூன்றாவது சரணம் வந்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைப்பான். குரல் உடையும். டென்னசியிலும் உடையும், டெக்சாஸிலும் உடையும், எப்போதும் அதே எழுத்தில் உடையும். "இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லீங்க" என்பான். கூட்டம் மூக்கைச் சிந்தும்.

அந்த அழுகையில் பாதி என் ஸ்டீல் கிட்டார் அழுவது. நாற்பத்தெட்டு வருஷமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன். பாவத்திலும் பாதி எனக்கு உண்டு.

அந்தப் பாட்டைப் பதிவு செய்யப் போன அன்று காலை, ஓப்பல் சுட்ட, பன் மாதிரி மெத்தென்ற பிஸ்கட்டையும் கிரேவியையும் மூக்குமுட்டத் தின்றுவிட்டுத்தான் நாஷ்வில்லுக்குக் கிளம்பினோம். மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தாள். பதிவு முடிந்ததும் அதையும் தின்றோம்.

ஆல்பத்தின் அட்டைப் படத்துக்காக ஊர் மேட்டில் ஒரு கல்லறைக் கல் நட்டார்கள். 'அம்மா' என்று மட்டும் பொறித்திருந்தது. ரசிகர்கள் பஸ் பிடித்து வந்து அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஓப்பல் கீழே மளிகைக் கடையில் முட்டை வாங்க வரிசையில் நின்றுகொண்டிருப்பாள்.

ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை. எங்களுக்கென்று வேறு பெருமை எதுவும் கிடையாது.

மே மாதம் அவரவர் வீட்டுக் கல்லறைக்குப் பூ வைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஓப்பலும் மேட்டுக்குப் போவாள். தன் கல்லின் மேல் குவிந்து கிடக்கும் பிளாஸ்டிக் பூக்களைத் தூசி தட்டி அடுக்கி வைத்துவிட்டு வருவாள்.

வெர்லின் ஊருக்கு வருவதை நிறுத்திவிட்டான். கிறிஸ்துமஸுக்குக்கூட போன்தான். அம்மாவோடு இருப்பதை யாராவது படம் பிடித்துவிட்டால் என்னாவது?

ஒருமுறை நான் வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன், கோபமில்லையா என்று.

"செத்தவளுக்கு என்னப்பா கோபம்?" என்று சொல்லி என் தட்டில் இன்னொரு பிஸ்கட் வைத்தாள்.

இப்போது அடுத்த மாதம் வெர்லினுக்கு விழா. பாட்டெழுதுகிறவர்களின் கௌரவ மண்டபத்தில் அவன் பெயரைப் பித்தளையில் பொறிக்கப் போகிறார்கள், அந்த உண்மைப் பாட்டுக்காக. இந்த நேரத்திலா ஓப்பல் சாகவேண்டும்?

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேப்பரில் மரண அறிவிப்பு என்றால் இரண்டு பட்டியல் இருக்கும். இறந்தவருக்கு முன்னாலேயே செத்துப் போனவர்கள் ஒன்று, உயிரோடு இருப்பவர்கள் இன்னொன்று. உயிரோடு இருப்பவர்களில் 'மகன் வெர்லின்' என்று ஒரு வரி வந்தால் போதும், குட்டு உடைந்துவிடும்.

உள்ளே மேசைக்குப் பின்னால் கெய்லீ என்ற பெண் இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். வேறு ஊரிலிருந்து வேலைக்கு வந்தவள். வெர்லின் பழக்கதோஷத்தில் தொப்பியைச் சற்று உயர்த்தி, முகம் தெரியும்படி நின்றான். அவளுக்கு அவனைத் தெரியவில்லை. அவனுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

"நீங்க சொந்தக்காரங்களா சார்?"

"தெரிஞ்சவங்க" என்றான் வெர்லின், நான் வாயைத் திறக்கும் முன்பே.

"பேப்பர்ல போடற அறிவிப்பு விஷயமா வந்தோம்மா" என்றேன் நான்.

"அதுக்கு நீங்க சிரமப்படவே வேண்டாம். அந்தம்மாவே எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்க. காலையிலேயே பேப்பருக்கு அனுப்பிட்டேன். நாளைக்கு வந்துடும்."

வெர்லின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "கொஞ்சம் படிம்மா" என்றான். தண்ணீர் கேட்பவனைப் போலிருந்தது குரல்.

அவள் படித்தாள். ஓப்பல் டாக்கெட். நாற்பது வருஷம் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். ஊறுகாய்க்காக மாவட்டக் கண்காட்சியில் மூன்று முறை முதல் பரிசு. உயிரோடு இருப்பவர்கள்: தங்கை மகள் லொரேன், ஒரு பூனை.

அவ்வளவுதான். பூனையோடு அந்தப் பட்டியல் முடிந்துவிட்டது.

வெர்லின் பெருமூச்சு விட்டான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். "எங்கம்மா கடைசிவரைக்கும் என்னைக் காட்டிக் குடுக்கலடா" என்று என் காதில் கிசுகிசுத்தான். சிரிக்கக்கூடச் செய்தான். ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது எனக்கு.

கெய்லீ இன்னும் முடிக்கவில்லை. விரலை அடுத்த வரிக்கு இறக்கினாள்.

"அவருக்கு முன்னால் போனவர்கள்: கணவர் ஹோமர், 1968. ஒரே மகன் வெர்லின், 1979."

நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, நல்ல பெண்.

"அய்யோ, பெத்த புள்ளையைப் பறிகொடுத்துட்டு இத்தனை வருஷமா இருந்திருக்காங்க. அந்த மகனை உங்களுக்குத் தெரியுமா சார்?"

வெர்லின் வாயைத் திறந்தான். தொப்பி நெஞ்சில்தான் இருந்தது.

"தெரியும்மா" என்றேன் நான். "நல்லாப் பாடுவான்."