மழையில் ஓடிய ஷூ

அநியாயம் நடந்தது ஷூவுக்கு. கொட்டுகிற மழையில் எழிலியோடு ஏரிக்கரையை முழுசாகச் சுற்றி ஓடிவிட்டு வந்து, ஈரம் காய வயிறு முட்டச் செய்தித்தாள் அடைக்கப்பட்டுக் கிடந்த அதைப் பார்த்து, “நேத்து யாருமே ஓடலியே” என்றது கைக்கடிகாரம்.

“ஏன்யா, மழைக்குப் பயந்து சார்ஜரைக் கட்டிக்கிட்டு வீட்டுல கிடந்தது நீ. நீ பாக்கலேன்னா நான் ஓடினது இல்லேன்னு ஆயிடுமா?”

“என் கணக்குல பூஜ்யம். போட்டி நெருங்குது. விட்டதை அவ இன்னைக்கு ஓடியாகணும்.”

“அடப்பாவி! நேத்து படி ஏறும்போதே முழங்காலைப் பிடிச்சுக்கிட்டா. இன்னைக்கும் விரட்டினா போட்டிக்கு நொண்டிக்கிட்டுதான் போவா. என் மேல இருக்கற சேத்தைப் பாரு, இதைவிட என்ன சாட்சி வேணும்?”

“சேறெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாது.”

அந்த நேரம் எழிலி வந்து கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு, ஷூவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவள் நாடி வழக்கத்தைவிட வேகமாக அடித்தது. அதைத் தொட்டு எண்ணிய கடிகாரத்துக்கு, நேற்று ஓடிய களைப்பு இன்னும் தீரவில்லை என்று புரிந்தது.

பிறகு முகத்தில் வெளிச்சம் வர, இருவருக்கும் கேட்கும்படி சொன்னது: “நேத்து ரெண்டு பேரும் நல்லா ஓடியிருக்கீங்க. இன்னைக்கு ஓய்வு.”