வழி சொல்லும் செருப்பு

சண்பகம் தெற்கு ரத வீதியில் ஓடிக்கொண்டிருந்தாள். கையில் மாமனாரின் செருப்பு. அது அவளுடைய குரலிலேயே நச்சரித்தது: "மாமா, இடப்பக்கம் திரும்புங்க. வீடு பக்கத்துலதான்."

"நான் திரும்பி என்ன செய்ய? அவுகளக் காணோமே!" என்று செருப்பைத் திட்டினாள்.

மறதி நோய் வந்தவர்களுக்கு ஊரெல்லாம் இந்தச் செருப்புதான் துணை. இன்று அவள் பிரகாரம் சுற்றி வருவதற்குள், மாமனார் ராமசுப்பு கோயில் வாசலில் யாருடையதையோ மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போன் அடித்தது. ஒரு பெண் பேசினாள். "சட்டைப் பையில தச்சிருந்த நம்பரப் பாத்தேன். உங்க மாமா எங்க வீட்டுல இருக்காக."

மூன்றாவது தெருவில், முன்பின் தெரியாத அந்த வீட்டில், மாமனார் சாவகாசமாகத் தோசை தின்றுகொண்டிருந்தார். சண்பகத்துக்குப் போன உயிர் வந்தது, கூடவே கோபமும்.

"நம்ம செருப்பு இருக்க, அடுத்தவுக செருப்ப எதுக்கு மாமா போட்டீக?"

"அது கூப்பிட்டுக்கிட்டே கெடந்துச்சு தாயி. 'அப்பா, நேரமாச்சு, வீட்டுக்கு வாங்க'ன்னு. ஒருத்தனும் போகல. பாவம், பொம்பளப்பிள்ள எம்புட்டு நேரம் காத்திருக்கும்?"

சண்பகம் சிரித்துவிட்டாள். "உங்க அப்பா அங்க வெறுங்காலோட தேடிக்கிட்டிருப்பாரே! நான் போயிக் குடுத்துட்டு வரட்டுமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

அந்தப் பெண் இன்னொரு தோசையை ராமசுப்புவின் தட்டில் வைத்தாள்.

"அப்பா தவறி நாப்பது நாளாச்சுக்கா. யாராச்சும் போட்டுக்கட்டும்னு நான்தான் கோயில்ல விட்டுட்டு வந்தேன். குரல நிறுத்த மட்டும் கை வரல."