மணிக்கு ஒரு வரி

கரை சேரும்போது படகில் ஒரே ஓர் ஆள்தான் இருக்க வேண்டும். கடிகாரக்காரர் இதைப் புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே முடிவு செய்துவிட்டார். அந்த ஆள் தான்தான் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை.

படகு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பாய்மரம், ஒரு படுக்கை, படகு சாய்கிற பக்கமெல்லாம் கூடவே சாய்கிற ஓர் அடுப்பு, அவ்வளவுதான். காலை நீட்டினால் எதிலாவது இடிக்கும். முப்பது நாளாகச் சுற்றிலும் தண்ணீர். குடிக்க மட்டும் ஆளுக்குத் தினம் எட்டு டம்ளர் என்று கணக்கு.

அதற்குள்தான் அவரும் மனைவியும் குடித்தனம் நடத்தினார்கள். நாலு மணி நேரம் அவர் சுக்கானைப் பிடித்தால் அவள் தூங்குவாள். அடுத்த நாலு மணி நேரம் அவள் பிடிப்பாள், அவர் தூங்குவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவருக்கும் சண்டை போட நேரமே கிடைக்காமல் போனது இந்த ஒரு மாதம்தான்.

மீறி வந்தால் அது நோட்டால் வந்த சண்டையாக இருக்கும். ஊரில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் கடை வைத்திருந்த மனுஷர். மணிக்கு ஒரு வரி எழுதியே ஆக வேண்டும் என்பார். காற்று எந்தப் பக்கம், படகு எந்தத் திசை, என்ன வேகம். அவர் தூங்கும் நேரத்தில் அவள் எழுத வேண்டும், அதுவும் அவர் கையெழுத்திலேயே. பிள்ளைகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட் முதல் பாங்க் பாரம் வரை அவருக்காக எழுதிப் பழகியவள் என்பதால் அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"காலையில அஞ்சு மணிக்கு எழுதலையே?"

"பறக்குற மீன் ஒண்ணு மேல வந்து விழுந்துச்சுங்க. அதைப் பிடிச்சு அடுப்புல போடுறதுக்குள்ள மணி ஆறாயிடுச்சு. ஒரு வரி விட்டுப்போனா குடியா முழுகிடும்?"

"முழுகிடும். எழுது."

அஞ்சு மணிக்கு என்ன காற்று அடித்தது என்று யோசித்து யோசித்து எழுதினாள். மீனை மட்டும் அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

அவளுக்கான இடத்தை அவர் வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் குறித்திருந்தார். கப்பல்கள் போகும் பாதையிலிருந்து தள்ளி இருந்த இடம். அங்கே நடப்பதை ஊரார் யாரும் பார்க்கப் போவதில்லை. புள்ளிக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

அன்று மத்தியானம் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது வேலையை ஆரம்பித்தார். இரண்டாவது தட்டு, இரண்டாவது டம்ளர், சீப்பு, செருப்பு என்று ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போயின. அவள் எழுந்து போன பிறகு, தலையணையில் ஒட்டியிருந்த நீள முடிகளைக் கடிகாரச் சாமணத்தால் ஒன்று விடாமல் பொறுக்கினார். ஒரு முடி மிஞ்சினாலும் மாட்டிக்கொள்வார். பிறகு தெருவில் தலைகாட்ட முடியாது.

"என் செருப்பு எங்கங்க?"

"கடல்ல."

அவள் கடலைப் பார்த்தாள். "நல்ல செருப்பு. வேற வாங்கித் தருவீங்களா?"

"பார்க்கலாம்," என்றார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மிச்சமிருந்த ஒரே தட்டில் இருவரும் சாப்பிட்டார்கள். "கல்யாணமான புதுசுல இப்படித்தான் சாப்பிட்டோம்," என்றாள் அவள். நாளைக்கு இந்நேரம் அவள் பக்கத்தில் இருக்க மாட்டாள். இருந்தாலும் முடிவு முடிவுதான்.

மறுநாள் மூன்று மணிக்குப் புள்ளி வந்தது.

"இங்கதானா?" என்றாள்.

"இங்கதான். இடுப்புக் கயிறை அவுத்துடு."

அவிழ்த்தாள். படகின் ஓரத்தில் போய் நின்றாள். அவர் பின்னால் வந்து அவள் முதுகில் கை வைத்தார்.

பத்து நிமிஷம் கழித்துப் படகில் அவர் மட்டும்தான் இருந்தார். நாலு மணிக்கு மறக்காமல் ஒரு வரி எழுதினார்.

அடுத்த நாள் காலை துறைமுகத்தில் நல்ல கூட்டம். தன்னந்தனியாகக் கடலைக் கடக்கும் போட்டியில் முதல் ஆளாக வந்து சேர்ந்தவரைப் பார்க்கக் கேமராக்கள் முண்டியடித்தன. 'இந்த வயசில் தனியாகவா?' என்று சிரித்த தெருக்காரர்கள் எல்லாரும் இதை டிவியில் பார்ப்பார்கள் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

முன்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி. காலில் புதுச் செருப்பு. அவள் தம்பியின் மீன்பிடிப் படகு சொன்ன நேரத்துக்குப் புள்ளிக்கு வந்து, அவளை ஏற்றிக்கொண்டு முந்தின நாள் சாயங்காலமே கரை சேர்த்திருந்தது. புறப்பட்ட அன்று பாய்த்துணி மூட்டைக்குள் சுருண்டு படகேறியதையும் யாரும் பார்க்கவில்லை. ஊர் கண்ணில் அழகாக மண்ணைத் தூவியாகிவிட்டது.

போட்டி அதிகாரி படகைச் சோதித்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பல் பிரஷ். தலையாட்டிவிட்டு நோட்டை எடுத்துப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் புருவம் உயர்ந்தது.

"இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். தனியா வர்றவங்க நோட்டுல பாதிப் பக்கம் வெறுமையாத்தான் இருக்கும். இப்படி ஒரு நோட்டை நான் பார்த்ததே இல்லை."

"ராத்திரி பகல்னு பார்க்கலைங்க," என்றார் கடிகாரக்காரர், பெருமை தாங்காமல். "மணிக்கு ஒரு வரி. புறப்பட்டதுலேர்ந்து ஒண்ணுகூட விடலை."

அதிகாரி கடைசிப் பக்கம் வரை பார்த்தார். கோப்பையைக் கொடுக்க நீட்டிய கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அப்போ இந்த முப்பத்தோரு நாள்ல நீங்க எப்பத்தான் சார் தூங்குனீங்க?"