சிவப்புப் புள்ளி

பழைய கம்ப்யூட்டர் பாகங்களை ஆன்லைனில் விற்கும் அந்த மனுஷன், வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பாகத்திலும் மனைவியின் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடுவார். வாங்குகிறவன் எவனும் பாகத்தை மாற்றித் திருப்பி அனுப்பி ஏமாற்றிவிடக் கூடாதாம்!

அன்று, 'வேலை செய்யவில்லை' என்று ஒரு கிராபிக்ஸ் கார்டு திரும்பி வந்தது. பார்சலைப் பிரித்தவர் தாம்தூம் என்று குதித்தார்.

"நல்ல கார்டை எடுத்துக்கிட்டு, கருகிப்போனதை அனுப்பியிருக்கான்டி! நியாயமே செத்துப்போச்சு!"

உடனே, தான் விற்கும் ஆன்லைன் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்குப் போன் போட்டார்.

"உங்க கார்டுல ஏதாவது அடையாளம் உண்டா சார்?" என்றாள் போனை எடுத்த பெண்.

"சிவப்புப் புள்ளி இருக்கும்மா. இதுல இருக்கவே இருக்காது, பாருங்க," என்று கார்டைத் திருப்பினார்.

புள்ளி பளபளத்தது.

மனைவி எட்டிப் பார்த்துக் காதோரம் கிசுகிசுத்தாள்:

"ஏங்க, இது நம்ம வீட்டுல கருகின கார்டுல்ல? போன மாசம் ஒருத்தர்கிட்ட நல்ல கார்டை வாங்கி வச்சுக்கிட்டு, 'வேலை செய்யலை'ன்னு இதைத்தானே திருப்பி அனுப்பினீங்க? அந்த நல்லதை நீங்க வித்தப்போ அவரேதான் வாங்கிக்கிட்டு, நம்ம கருகினதை நமக்கே திருப்பிட்டார் போல!"

"சார், லைன்ல இருக்கீங்களா? திரும்பி வந்தது உங்க கார்டுதானா, இல்லையா?"

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் உண்மையைச் சொன்னார்.

"என்னோடதுதாம்மா."