ஒருத்தனுக்குத்தான் இடம்

"உங்க ஆளுங்களுக்குக் கண்ணு இருக்கா சார்? போயும் போயும் அந்த ரஃபேலையா மேல எடுக்கப் போறீங்க?"

பக்கத்து இருக்கையில் வந்து தொப்பென்று உட்கார்ந்த அம்மாளைத் தொப்பிக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கியது. மடியில் பந்தின் வேகத்தை அளக்கும் கருவி. பேஸ்பால் மைதானத்தில் பேட்ஸ்மேனுக்கு நேர் பின்னால் இந்தக் கோலத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், அவர் மேல் டீமிலிருந்து ஆள் பொறுக்க வந்தவர் என்பது பெல்ஃபோர்டில் பாப்கார்ன் விற்பவனுக்குக்கூடத் தெரியும்.

"நான் சும்மா மேட்ச் பார்க்க வந்தேன்மா."

"ஆமாமா, நானும் சும்மா காத்து வாங்கத்தான் வந்தேன்."

லொரெய்ன் ஹூக்ஸ்ட்ரா, உள்ளூர் டீமான ஹார்னெட்ஸ் ஆடும் எந்த மேட்சையும் விட்டதில்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு தோல்வியைப் பார்த்தவர். மேல் டீமில் ஓர் இடம் காலி, ஹார்னெட்ஸிலிருந்து ரஃபேலோ ப்ரெட்டோ ஒருவனுக்குத்தான் அது என்று காலையில் ரேடியோ சொன்னதிலிருந்து அவருக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது.

"எட்டு டீம்ல நாங்க ஏழாவது. ஏன்? பச்சப் புள்ளைங்களா வர்றாங்க. இந்த ஊரு ஆளாக்குது. கொஞ்சம் தேறினதும் நீங்க வந்து அள்ளிட்டுப் போயிடறீங்க. கிளியை வளர்த்துப் பூனை கையில கொடுக்கிறதே எங்க பொழப்பா?"

"பெரிய டீமுக்கு ஆள் தயார் பண்ணத்தானேம்மா இந்த டீமே இருக்கு."

"அப்ப டிக்கெட்டுக்குக் காசு வாங்காதீங்க."

மைதானத்தில் பந்து தரையோடு சீறிப் பாய்ந்தது. ரஃபேல் பக்கவாட்டில் பாய்ந்து, மண்ணில் விழுந்து பிடித்து, முட்டி போட்டபடியே முதல் பேஸுக்கு எறிந்தான். ஓடி வந்தவன் அவுட். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. லொரெய்னின் கைகளும் தட்டுவதற்காக உயர்ந்தன. பாதியில் இறக்கி வேர்க்கடலைப் பொட்டலத்துக்குள் விட்டுக்கொண்டார்.

"பார்த்தீங்களா, எவ்வளவு மெத்தனம்?"

"பாய்ஞ்சு பிடிச்சானேம்மா?"

"முன்னாடியே அங்க போய் நின்னிருந்தா எதுக்குப் பாயணும்?"

தொப்பிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வேற என்ன குறை அவன்கிட்ட?"

கேட்டதுதான் தாமதம், லொரெய்ன் பிடித்துக்கொண்டார். "ஒண்ணா ரெண்டா? காலைல பத்து மணி வரைக்கும் எந்திரிக்க மாட்டான். வாழைக்காய் வறுத்து வைக்கலேன்னா அவனுக்குச் சோறு எறங்காது. சோளம் வெளையிற இந்த அயோவால எவன் சார் வாழைக்காய் வெளைய வைக்கிறான்? மழை பெஞ்சா அவங்கம்மா ஞாபகம் வந்து அழுவான். இவனை அவ்வளவு பெரிய ஊர்ல வச்சு உங்களால மேய்க்க முடியாது. சொல்லிட்டேன்."

"ப்ரெட் எப்படி?"

"தங்கம்." சட்டென்று குரல் குழைந்தது. "ராத்திரி பூரா மாடியில கிட்டார் வாசிப்பான் சார், அப்படி ஒரு கலைஞன். அதோட அருமை தெரிஞ்சவங்க இங்க யாரு இருக்கா? இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. நானே பஸ் ஏத்தி விடுறேன்."

அந்த நேரம் பார்த்து பேட்டோடு வந்த தங்கம், மூன்று முறை வீசி மூன்று முறையும் காற்றை அடித்துவிட்டு அவுட்டாகிப் போனது.

"காத்தை அடிச்சாலும் எவ்வளவு வேகமா அடிக்கிறான் பாருங்க" என்றார் லொரெய்ன், கொஞ்சமும் அசராமல்.

ஹார்னெட்ஸ் வழக்கம்போல் தோற்றது. தொப்பிக்காரர் தன் சாமான்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ரஃபேலை மூட்டை கட்டச் சொல்லிடுங்கம்மா. காலைல பஸ்."

லொரெய்னின் முகம் வெளுத்தது. "இவ்வளவு சொல்லியும் அவனையா? அப்புறம் நான் ஏன் அவன்கிட்டச் சொல்லணும்? நான் யாரு அவனுக்கு?"

"அவன் தங்கியிருக்கிற வீட்டம்மா."

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"இந்தப் பசங்களுக்கு நாங்க கொடுக்கிற சம்பளத்துல வீடு பிடிக்க முடியாது. ரசிகர்கள்தான் வீட்ல வச்சுச் சோறு போடுறீங்க. எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வீட்டம்மா பக்கத்துல வந்து உட்கார்ந்து ஒரு பையனைத் திட்டித் தீர்ப்பாங்க. ஆட்டத்துல குறை சொன்னா நான் யோசிப்பேன். வாழைக்காய் வரைக்கும் போயிட்டா, அவனை விட்டுட்டுப் போக மாட்டேன்."

லொரெய்ன் வேர்க்கடலைப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியதை மறைக்க மறுபடியும் கோபத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"கார்ல ஒரு சீப்பு வாழைக்காய் வாங்கி வச்சிருக்கேன். பக்கத்து டவுன் வரைக்கும் போய் வாங்கினது. அதை இனிமே யார் தலையில கட்டுறது?"

"அதுக்கென்னம்மா" என்றார் தொப்பிக்காரர், படியிறங்கிக்கொண்டே. "அடுத்த வருஷமும் உங்க மாடி ரூம்ல அந்தக் கிட்டார்க்காரன் இருப்பானே."